பாலோவில் எரிந்த முதல் சிவப்பு

அந்தச் சனிக்கிழமை காலை என் திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. கம்பெனியின் நூற்று நாற்பது சொச்சம் கணினிகளுக்கும் நேராகப் பச்சை. பாலோ தோட்ட அலுவலகத்துக்கு நேராக மட்டும் சிவப்பு. செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் பச்சையில் முக்கால்வாசி சிவப்பாகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் பாஸ், நான், மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும் ஓர் ஏர்கோன், அவ்வளவுதான். தலைமை அலுவலகம் தம்போயில், கார் பட்டறைகளுக்கு மேலே இருக்கும் கடைவீட்டு மாடி. கீழே தகரம் தட்டுகிற சத்தத்தில் மேலே மீட்டிங் நடக்கும். தோட்டங்களும் ஆலைகளும் யோங் பெங், பாலோ என்று உள்ளே தள்ளித் தள்ளி இருக்கின்றன.

அந்த வருடம் கம்பெனி எல்லாக் கணினிகளுக்கும் ஒரே ஆன்டிவைரஸ் வாங்கியது. அதுவரை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொன்று இருந்தது. சிலது காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதையெல்லாம் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். போட்டு முடித்தால் தம்போயில் என் மேசையிலிருந்தே எந்தத் தோட்டத்தில் எந்தக் கணினி நலமாக இருக்கிறது என்று பார்க்கலாம். விற்க வந்தவன், "நீங்க எங்கயும் போக வேணாம் மிஸ், உக்காந்த இடத்துலேர்ந்தே எல்லாத்துக்கும் அனுப்பிடலாம்" என்றான். அவன் எங்கள் தோட்டத்து இன்டர்நெட்டைப் பார்த்ததில்லை, பாவம். ஒரு படம் திறக்க அரை மணி நேரம் எடுக்கும் லைனில் அவன் சொன்ன சைஸை எங்கே அனுப்புவது?

அதனால் ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, என் காரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். மூன்று வாரம். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, பழையதைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, பென்டிரைவைச் சொருகி, புதியதைப் போட்டு, அடுத்த மேசைக்கு நகர்வேன். போட்டு முடித்ததும் கணினியின் பெயர், தேதி, நேரம் எல்லாம் பென்டிரைவிலேயே ஒரு பட்டியலில் தானாகப் பதியும்படி நானே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அந்தப் பட்டியல் நீள நீள எனக்கே என்மேல் மரியாதை கூடியது.

முதல் நாள் யோங் பெங்கில் மட்டும் ஒரு தொல்லை. பழையதைக் கழற்றுவதற்கு முன்பே பென்டிரைவைச் சொருகிவிட்டேன். அந்தப் பழைய ஆன்டிவைரஸ் என் பென்டிரைவைப் பார்த்துக் கத்து கத்தென்று கத்தியது. ஆபத்து, ஆபத்து என்று பெட்டி பெட்டியாகத் திறந்தது. இந்த மாதிரி ஆன்டிவைரஸ்களுக்கு ஒன்றையொன்று கண்டால் ஆகாது, அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். "வாய மூடு கெழவா, ஒன் வேல முடிஞ்சிருச்சி" என்று சொல்லிக்கொண்டே அதைக் கழற்றினேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் பழையதைக் கழற்றிவிட்டுத்தான் பென்டிரைவைச் சொருகினேன்.

பாலோவுக்கு இரண்டாவது வாரம் போனேன். அங்கே கிராணி வேலை பார்க்கும் அக்கா ஒருவர். தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்றுதான் சொல்வோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆட்களின் வருகைப் பதிவு, கடிதம், கோப்பு எல்லாம் அவர் கையில்தான். மூன்று வருடமாக ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால் தோட்டத்து வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம், மகள் பள்ளி மாற வேண்டியதில்லை. இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் நான் கேட்காமலேயே அக்கா சொன்னார். நான் கணினிமுன் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்று தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, இது போட்டாச்சின்னா நான் என்னா செய்யணும்? சொல்லுங்க, எழுதி வெச்சிக்கிறேன்."

இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, சொந்தப் பென்டிரைவ் எதையும் சொருகக் கூடாது. இரண்டு, நான் சொல்லும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணினியை அடைக்காமல், ஓடவிட்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது ஏன் என்றால், நான் போட்ட ஆன்டிவைரஸ் வெறும் காவல்காரன்தான். எந்தெந்த வைரஸைப் பிடிக்க வேண்டும் என்கிற பட்டியல் அதற்கு இணையம் வழியாகத்தான் வர வேண்டும். பட்டியல் வரும்வரை அந்தக் காவல்காரனுக்குத் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரியாது. நான் எல்லாத் தோட்டமும் முடியட்டும், அப்புறம் பட்டியலை ஒரேயடியாகத் திறந்துவிடலாம், இடையில் லைன் திணற வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எல்லாத் தோட்டத்துக்கும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை அடைக்காதீர்கள், ராத்திரி முழுக்க மெதுவாக இறங்கட்டும்.

யார் கேட்டார்கள்? எங்கள் பக்கத்தில் சாயங்காலம் ஆனால் இடி. ஒரு மின்னலில் மோடம், கணினி, ஃபேக்ஸ் எல்லாம் கருகிப் போன கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அதனால் வீட்டுக்குப் போகும்போது சுவிட்சை அடைப்பதோடு விடமாட்டார்கள், பிளக்கையே பிடுங்கிச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். இருபது வருடப் பழக்கம். தம்போயிலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள் என்று மாற்றிக்கொள்வார்களா? அந்த வெள்ளிக்கிழமையும் எல்லோரும் ஒழுங்காகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். பாலோ அக்கா மட்டும் நான் சொன்னபடி விட்டுவிட்டுப் போனார். யாரும் அடைத்துவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் காகிதம் வேறு ஒட்டியிருந்தார்.

சனிக்கிழமை காலை பாலோ சிவப்பு. பிளக்கைப் பிடுங்கிய மற்றவை எல்லாம் கடைசியாகக் காட்டிய பச்சையிலேயே நின்றன. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றை வைக்கும் வைரஸ். நாம் ஃபோல்டர் என்று நினைத்துத் தட்டினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் அதுவும் ஓடும். பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்குத் தாவுவதுதான் அதன் பிழைப்பு. அந்தக் கணினியில் கடைசியாகச் சொருகியது என்ன என்று பார்த்தேன். வியாழக்கிழமை மதியம், கம்பெனியுடையது அல்லாத ஒரு பென்டிரைவ். உடனே போன் போட்டேன்.

"அக்கா, வியாழக்கெழம பென்டிரைவ் ஏதாச்சும் சொருகினீங்களா?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பாவோட ஸ்கூல் வேல தங்கச்சி. பெரிய ஸ்கூல்ல போர்ம் ஒன் போயிருக்கா, ஏதோ ப்ரொஜெக்ட். பிரின்ட் எடுக்க வேற எடம் இல்ல. ரெண்டே பேஜிதான்."

"அய்யோ அக்கா! படிச்சிப் படிச்சிச் சொன்னேன்ல? சொருகாதீங்க, சொருகாதீங்கன்னு! எழுதி வேற வெச்சீங்களே!"

கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். மூன்று வாரம் காரோட்டி இடுப்பு ஒடிந்தது எல்லாம் அந்தக் குரலில் வந்தது. அக்கா "தப்புதான் தங்கச்சி, தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மற்றத் தோட்டங்களில் பிளக்கைச் சொருகிக் கணினிகளைத் திறந்தார்கள். பட்டியல் இறங்க இறங்க ஒவ்வொன்றாகச் சிவப்பு. ஆன்டிவைரஸ் போலி ஃபோல்டர்களை எல்லாம் அழித்தது. உண்மை ஃபோல்டர்களோ மறைந்தே கிடந்தன. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. வருகைப் பதிவு இல்லை, கடிதம் இல்லை, பத்து வருடக் கோப்பு ஒன்றும் இல்லை. யோங் பெங்கிலிருந்து ஒருவர் போனில் அழாத குறைதான். இரண்டு நாள் கம்பெனி முழுக்க வேலை நின்றது. நான் ஒவ்வொரு கணினிக்குள்ளும் தூரத்திலிருந்தே நுழைந்து, மறைந்ததை வெளியே எடுத்துக் கொடுத்தேன்.

மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி: எங்கிருந்து வந்தது?

நான் அறிக்கை எழுதினேன். முதலில் சிவப்பானது பாலோ. அதற்கு இரண்டு நாள் முன்பு அங்கே தடை செய்யப்பட்ட சொந்தப் பென்டிரைவ் சொருகப்பட்டது. சொருகியவர் ஒப்புக்கொண்டார். அரைப் பக்கம்தான். பாஸ் படித்துவிட்டு "குட்" என்றார். அவர் இலங்கைத் தமிழ்க் குடும்பம். அலுவலகத்தில் ஆங்கிலம்தான் பேசுவார், கோபமோ பயமோ வந்தால்தான் வீட்டுத் தமிழ் வெளியே வரும். அன்று ஆங்கிலத்தில்தான் பேசினார். மனிதவளப் பிரிவு அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தம்போயில் விசாரணை என்று கடிதம் அனுப்பியது.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் பாஸ் என்னிடம், எந்தக் கணினி எப்போது பாதிக்கப்பட்டது என்று ஒரு கால வரிசை போட்டு அறிக்கையோடு இணைக்கச் சொன்னார். பத்து நிமிட வேலை. உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த காரிபாப் ஒன்றைக் கடித்துக்கொண்டே யோங் பெங் கணினிக்குள் நுழைந்து, அந்த வைரஸ் கோப்பு அங்கே உருவான தேதியைப் பார்த்தேன்.

நான்கு வாரத்துக்கு முந்தின தேதி.

ஏதோ கணினியின் கடிகாரம் தப்பு என்று நினைத்தேன். அடுத்த கணினியைப் பார்த்தேன். அதுவும் அதே நாள், கால் மணி நேரம் தள்ளி. அடுத்தது இன்னும் கால் மணி நேரம் தள்ளி. பாலோ அக்காவின் மகள் அந்தப் பென்டிரைவில் வீட்டுப்பாடத்தை ஏற்றுவதற்கு எத்தனையோ நாள் முன்பே யோங் பெங்கில் இது இருந்திருக்கிறது. பாலோவுக்குப் போனேன். அங்கேயும் வியாழக்கிழமை இல்லை. நான் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேனே, அந்த நாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரிபாப் கையிலிருந்து விழுந்து சட்டையெல்லாம் எண்ணெய். என் பையிலிருந்த பென்டிரைவை எடுத்தேன். சொருகப் பயமாக இருந்தது. அதிலிருந்த பட்டியலை ஏற்கனவே ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன், பாஸிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள. அந்தத் தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாளில் நான் ஆன்டிவைரஸ் போட்டு முடித்த நேரம் பத்து நாற்பத்திரண்டு. திரையில் வைரஸ் உருவான நேரம் பத்து முப்பத்தைந்து. அடுத்த வரி, பத்து ஐம்பத்தேழு, பத்து ஐம்பத்தொன்று. தாளில் ஒரு பெயர், திரையில் அதே பெயர். ஏழு நிமிடம், ஆறு நிமிடம், ஏழு நிமிடம். ஒரு தோட்டம் பாக்கி இல்லை. நான் பென்டிரைவைச் சொருகி ஃபோல்டரைத் தட்டிய நேரம் அதுதான். காவல் எதுவும் இல்லாத நேரத்தில், நானே என் கையால், மேசை மேசையாகப் போய்.

அய்யோ கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். யோங் பெங்கில் அந்தப் பழைய ஆன்டிவைரஸ் அன்று கத்தியது உண்மையாகத்தான் கத்தியிருக்கிறது. நான் வாயை மூடு என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்தேன். அதோடு விட்டேனா? இனி எதுவும் கத்த முடியாதபடி, எல்லா இடத்திலும் முதலில் காவலைக் கழற்றிவிட்டுப் பிறகு சொருகினேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பாலோ ஏன் முதலில் சிவப்பானது? அங்கே மட்டும்தான் கணினி ராத்திரி முழுக்கத் திறந்திருந்தது. பட்டியல் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தது, அதனால் அங்கே முதலில் பிடிபட்டது. அக்கா நான் சொன்னதைக் கேட்டதால் மாட்டிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போன அத்தனை பேரும் தப்பித்தார்கள். முதலில் கண்டுபிடித்த இடத்தை நான் முதலில் வந்த இடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் பென்டிரைவை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வாங்கிச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் வைரஸ்தான் அக்காவின் கணினியிலிருந்து அதற்குத் தாவியிருக்கும்.

சரி, என் பென்டிரைவுக்கு எங்கிருந்து வந்தது? இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கம்பெனியில் ஒரே ஒரு கணினிக்கு நான் ஆன்டிவைரஸ் போடவில்லை. என்னுடையது. எங்கள் தொழிலில் இது ஊரறிந்த விஷயம். எல்லோருக்கும் போடுவோம், நமக்குப் போட்டுக்கொள்ள மாட்டோம். கணினி மந்தமாகிவிடும், நமக்குத் தெரியாததா என்கிற திமிர். என் கணினியைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன், அதனால்தான் திரையில் நூற்றுக்கு நூறு பச்சை காட்டியது. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் கூடப் பிறந்த அக்காவின் மகள் சடங்குக்கு அழைப்பிதழ் நான்தான் செய்து தருவேன் என்று சொல்லி, படம் வெட்டி ஒட்டுகிற மென்பொருளைத் திருட்டுத்தனமாக இறக்கிப் போட்டிருந்தேன். ஆன்டிவைரஸ் இருந்தால் அதைப் போட விடாது. அழைப்பிதழ் நன்றாகத்தான் வந்தது. மயில் எல்லாம் வைத்திருந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்று மதியம் முதன்முறையாக என் கணினிக்கு ஆன்டிவைரஸ் போட்டேன். நான்கு நிமிடத்தில் சிவப்பு. அந்தத் திருட்டு மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாருக்கும் தெரியாதே என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவே ஒப்புக்கொண்டார், இனி யார் போய்த் தேதியைப் பார்க்கப் போகிறார்கள்? அடுத்ததாக அக்காவின் முகம் வந்தது, அதற்கடுத்து மறுபடி என் வேலை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பாஸின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன்.

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய் பிள்ளை?"

தமிழ் வந்துவிட்டது.

"உண்மைதான் பாஸ். நான்தான்."

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப தெரியாமலே இருக்கட்டும். அந்த அறிக்கையில என்ரை கையெழுத்தும் கிடக்கு, விளங்குதோ? அந்த மனிசி பென்டிரைவ் போட்டது பிழைதானே. ஒரு வோர்னிங் லெட்டர் குடுப்பினம், அவ்வளவுதான். நாளைக்கு நீ கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

நான் சரி என்றேன். சரி என்று சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வோர்னிங் லெட்டர்தானே, அதற்கப்புறம் நிரந்தரமாகிவிடுமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அக்கா வந்தார். விடிவதற்கு முன் கிளம்பி, குளுவாங் வந்து, பஸ் ஏறி, லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கி வந்திருந்தார். பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட முடியாமல் மகளையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளை வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அக்கா என்னைப் பார்த்து, "தங்கச்சி, சாப்பிட்டீங்களா? மெலிஞ்சி போயிட்டீங்களே" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அறையில் நான்கு பேர்: மனிதவளப் பிரிவின் மலாய்க்கார அதிகாரி, பாஸ், நான், எதிரே அக்கா. அந்த அதிகாரியை நாங்கள் புவான் என்போம், மலாயில் அம்மா என்கிற மாதிரி. புவான் என் அறிக்கையை வாசித்தார். அக்கா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். வாசித்து முடிந்ததும், "சாயா சாலா, புவான்" என்றார். தப்பு என்னுடையதுதான் என்று. அதோடு நிறுத்தவில்லை. நல்ல மலாயில், நிதானமாகச் சொன்னார்: இனி இப்படி நடக்காது, அந்தப் பென்டிரைவை அம்மிக் குழவியால் நசுக்கிவிட்டேன், மகளை ரோத்தான் பிரம்பால் அடித்துவிட்டேன், ஒருநாளும் அவளை நான் கைநீட்டியதில்லை, இந்த முறை அடித்துவிட்டேன், அவள் கொண்டு வந்ததால்தானே இத்தனை பேர் வேலை கெட்டது.

ரோத்தான் என்ற சொல்லுக்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். புவான் பெருமூச்சு விட்டு, அடுத்த தாளைப் புரட்டினார். வருத்தமாகத்தான் சொன்னார். மேலிடத்தின் முடிவாம்: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. மாதக் கடைசிக்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பாஸ் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கே அது தெரியாது. வோர்னிங் லெட்டர் என்றுதான் அவரும் நம்பியிருக்கிறார்.

அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, நீங்களே புவான்கிட்ட சொல்லுங்கம்மா. அது ஒண்ணுதான தப்பு? மத்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான செஞ்சேன்? கம்ப்யூட்டர அடைக்காமத்தான வெச்சேன்? பேப்பர்லாம் ஒட்டி வெச்சேன்ல?"

புவான் என்னைப் பார்த்தார். அக்கா சொன்னதை மொழிபெயர்ப்பேன் என்று காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். "இவர் கொண்டு வரவில்லை. நான்தான் கொண்டு வந்தேன்" என்றேன் மலாயில். பாஸின் கால் மேசைக்கடியில் என் காலில் இடித்தது. நான் நிறுத்தவில்லை. பையிலிருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினேன். திருட்டு மென்பொருள், அழைப்பிதழ், என் கணினி, யோங் பெங் எல்லாம் சொன்னேன். இடையில் மலாய் தீர்ந்துபோய் ஆங்கிலம் வந்தது, அதுவும் தீர்ந்துபோய்த் தமிழ் வந்தது.

"அலமாக்" என்று அதிர்ந்தார் புவான். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கம்பெனி சமாசாரம். விசாரணை அங்கேயே நின்றது. ஒப்பந்தம் பற்றிய கடிதம் போகாது என்று புவான் அக்காவிடம் நேரிலேயே சொன்னார். பின்னால் நிரந்தர வேலைக் கடிதமும் போனது. எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம். ஒரு வருடம் வேறு ஒருவர் கையெழுத்து இல்லாமல் நான் எந்தக் கணினியையும் தொட முடியாது என்றார்கள். பாஸ் இரண்டு வாரம் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார், அதுவும் மின்னஞ்சலில். வேலை போகாததே எனக்கு ஆச்சரியம்தான்.

அன்று அறையிலிருந்து வெளியே வந்தபோது அக்கா தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். "அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அதிர்ந்து போய், நான் யார் என்றே தெரியாத மாதிரி பார்த்தார்.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க மிஸ்," என்றார். "எனக்கு வேல இருக்கு, வீடு இருக்கு. அவகிட்ட சொல்லுங்க."

அந்தப் பிள்ளை நீளக்கைச் சட்டை போட்டிருந்தது. நான் முட்டி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். கீழே பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது.

"பாப்பா, அந்த வைரஸ் ஒன் பென்டிரைவ்லேர்ந்து வரல. அது என்னோடது. நான்தான் ஒங்கம்மா கம்ப்யூட்டர்ல கொண்டாந்து போட்டேன். நீ ஒரு தப்பும் செய்யலம்மா."

பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. நான் பேசி முடிக்கும்வரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அழுகை இல்லாமல், சண்டை இல்லாமல், ஏதோ பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னது.

"நான் சொன்னேன்லம்மா. டீச்சர் ஸ்கேன் பண்ணித்தான் குடுத்தாங்கன்னு. ரெண்டாவது அடிக்கே சொன்னேன். அதுக்கப்புறமும் அடிச்சீங்க."